ஸ்லைடும் வேண்டும், ஹுலாவும் வேண்டும்: எங்கே போவது?

"பிள்ளைகளுக்கு நல்ல ரைடு இருக்கவேண்டும், அப்படியே ஹவாய்க் கலாசாரத்தையும் கொஞ்சம் பார்த்துவிட்டு வரவேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்குமா?" அமெரிக்காவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் விடுமுறைக்குத் திட்டம் போடும்போது இந்தக் கேள்வியில் வந்து நிற்கின்றன. ஜப்பானில் வேலை பார்ப்பவர்களும் இதைக் கேட்கிறார்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். ரோலர் கோஸ்டர் ஓடும் பெரிய தீம் பார்க் ஹவாயில் கிடையாது. ஒவாஹு தீவின் மேற்குப் பக்கம் ஒரு வாட்டர் பார்க் இருக்கிறது. அதே தீவின் வடகிழக்குக் கரையில், ரைடு என்று சொல்ல ஒரு படகுச் சவாரி மட்டுமே உள்ள கலாசார மையம் இருக்கிறது. மேற்குப் பக்கத்திலேயே டிஸ்னியின் ஓட்டலும் உண்டு. ஹவாய்க்கு வெளியே பார்த்தால், பாலினீசியத் தீவுகளின் சாயலில் கட்டிய பூங்கா ஒன்று புளோரிடாவில், ஹவாயின் பெயரையே வைத்துக்கொண்ட ஒன்று ஜப்பானில். இந்த ஐந்துக்குள்தான் தேர்வு.

## எதை வைத்து எடைபோடுவது?

ரைடுகளை அளப்பது எளிது. எத்தனை ஸ்லைடு, எவ்வளவு உயரம், உங்கள் பிள்ளையின் உயரத்துக்கு அனுமதி உண்டா என்று பார்த்தால் போதும். பெரிய ஸ்லைடுகள் பலவற்றில் 122 செ.மீ., அதாவது 4 அடி, கேட்கிறார்கள். 6 வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால் விளம்பரப் படத்தில் இருக்கும் ரைடுகளில் பாதிக்கு மேல் அதற்குக் கிடைக்காது. டிக்கெட் எடுக்கும் முன் வீட்டிலேயே சுவரோடு நிற்கவைத்து அளந்துவிடுங்கள்.

கலாசாரத்தை அளப்பதுதான் சிரமம். பூமாலையும் தென்னையும் உக்குலேலே இசையும் இருந்தாலே ஹவாய் என்று நினைத்துவிடுகிறோம். ஹவாயின் மரபு நடனமான ஹுலாவின் கதை கொஞ்சம் தெரிந்தால் இந்த நினைப்பு மாறும். கிறித்தவத்துக்கு மாறிய அரசி காஅஹுமானு 1830இல் பொது இடங்களில் ஹுலா ஆடத் தடை விதித்தார். மன்னர் கலாகௌவா 1883இல் தன் முடிசூட்டு விழாவில் அதை மறுபடி அரண்மனை வளாகத்துக்குக் கொண்டுவந்தார். அப்புறம் 1893இல் ஆட்சியே கவிழ்க்கப்பட்டது. 1896இல் பள்ளிகளில் ஹவாய் மொழி வழிக் கல்வி முடக்கப்பட்டது. 1978இல்தான் அந்த மொழி மீண்டும் மாநிலத்தின் ஆட்சிமொழிகளில் ஒன்றாயிற்று. இவ்வளவையும் தாண்டி வந்த ஆட்டம் அது. ஓதுதலும் சுரைக்குடுக்கைத் தாளமுமாக ஆடும் பழைய வகைக்கு ஹுலா காஹிகோ என்று பெயர். கிதாரும் உக்குலேலேயும் சேர்ந்த பிந்தைய வகை ஹுலா ஔவானா. இரண்டு சுரைக்குடுக்கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய அந்தத் தாளக்கருவியைத் தரையில் விரித்த துணிமேல் ஒரு தரம் இடித்து, உடனே விரல்களால் பக்கவாட்டில் தட்டுவார்கள். ஆசிரியர் அதைத் தட்டிக்கொண்டே ஓத, ஆடுபவர்களின் கால் அந்தத் தட்டிலேயே விழும்.

இப்போது சுற்றுலா மேடைகளைப் பாருங்கள். நிகழ்ச்சியின் உச்சமாக வைக்கும் தீக்கத்தி ஆட்டம் சமோவாவைச் சேர்ந்தது. முரசு அதிர அதிர இடுப்பை வேகமாக அசைக்கும் ஆட்டம் தஹீதியுடையது. எல்லாவற்றையும் சேர்த்து "ஹவாய் நடனம்" என்று வீட்டுக்கு எடுத்துப் போகிறோம். அதனால் கலாசாரத்துக்கு நான் வைக்கும் அளவுகோல் ஒன்றுதான்: இந்த ஆட்டம் எந்தத் தீவுடையது, யாரிடம் கற்றது என்று அங்கே சொல்கிறார்களா?

மூன்றாவது, டிக்கெட்டில் தெரியாத செலவு. வாகன நிறுத்தம், லாக்கர், டவல், சாப்பாடு, சாலையில் போகும் நேரம், மழை. நான்காவது, கூட வருபவர்கள். பெற்றோரை அழைத்துப் போகிறீர்களா, சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் இருக்கிறார்களா என்பது நம் குடும்பங்களில் தேர்வையே மாற்றிவிடும்.

உடை பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், எல்லா வாட்டர் பார்க்குக்கும் பொருந்தும். பருத்திச் சுடிதார், துப்பட்டா, ஜிப்போ உலோகப் பொத்தானோ உள்ள கால்சட்டை ஆகியவற்றோடு ஸ்லைடில் விடமாட்டார்கள். முழுக்கை நீச்சல் சட்டையும் நீச்சல் துணியில் தைத்த லெகிங்ஸும் பெரும்பாலும் பிரச்சினை இல்லாமல் ஏற்கப்படும், உடம்பும் மூடியிருக்கும். தாலிச் செயின், வளையல், மோதிரத்தைக் கழற்றச் சொல்வார்கள். அறையிலேயே பத்திரப்படுத்திவிட்டு வருவது நல்லது.

## வெட் என் வைல்டு ஹவாய், கபோலெய்

1999இல் வேறு பெயரில் திறந்த பூங்கா இது. ஒவாஹுவில் ஸ்லைடு வேண்டும் என்றால் இங்கேதான் வரவேண்டும். நான்கு பேர் ஒரே மிதவையில் உட்கார்ந்து ராட்சதப் புனலுக்குள் சுழன்று இறங்கும் டொர்னேடோ, பாதிக் குழாய் வடிவில் ஏறி இறங்கும் ஷாகா, நேராகக் கீழே விழும் கிளிஃப்ஹேங்கர், வேவ் பூல், மிதவையில் மெல்ல மிதந்து போகும் லேசி ரிவர், சின்னப் பிள்ளைகளுக்குத் தனிக் குளம். ஒரு நாளுக்குத் தாராளம்.

கலாசாரம் என்று பார்த்தால் பகல் நேரத்தில் பெயர்ப்பலகைகளோடு முடிந்துவிடும். பூங்கா வளாகத்திலேயே மாலையில் லூவா என்ற, ஆட்டம் பாட்டோடு கூடிய ஹவாய் விருந்து நடந்துவந்திருக்கிறது. சமோவாவைச் சேர்ந்த, தீக்கத்தி ஆட்டத்தில் உலக வெற்றியாளரான சியேலு அவேயாவின் குழு அதை நடத்தியது. அதற்கு டிக்கெட் தனி. பகலில் ஸ்லைடு, மாலையில் லூவா என்று ஒரே இடத்தில் முடிக்க நினைப்பவர்கள், உங்கள் தேதிக்கு அது உண்டா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பூங்காவும் வாரத்தின் ஏழு நாளும் திறந்திருக்கும் என்று எண்ணவேண்டாம்.

இந்த இடத்துக்கு இரண்டு அனுகூலங்கள் உண்டு. வடகிழக்கிலிருந்து வீசும் காற்று கொண்டுவரும் மழை மலைகளின் அந்தப் பக்கத்திலேயே பெருமளவு கொட்டிவிடுவதால், தீவின் மேற்குப் பக்கம் வறண்டிருக்கும். ஹொனலூலுவின் ஓட்டல் பகுதியான வைகீகியில் மேகம் கட்டியிருக்கும் நாளிலும் கபோலெயில் வெயில் அடிக்கும். இன்னொன்று, காலை நெரிசல் ஹொனலூலுவை நோக்கிப் போகும், மாலை நெரிசல் மேற்கே திரும்பும். வைகீகியில் தங்குபவர் இரண்டு நேரமும் எதிர்த்திசையில் போவார்.

செலவில் கவனிக்கவேண்டியவை வாகன நிறுத்தமும் லாக்கரும். சன்ஸ்கிரீனையும் பார்த்து வாங்குங்கள். ஆக்சிபென்சோனோ ஆக்டினாக்சேட்டோ கலந்த சன்ஸ்கிரீனை விற்க 2021 ஜனவரி முதல் ஹவாயில் தடை இருக்கிறது. பவளப்பாறைகளைக் காப்பதற்காக வந்த சட்டம் அது.

## பாலினீசியன் கல்ச்சுரல் சென்டர், லாயியே

1963 அக்டோபர் 12இல் திறந்த இந்த மையத்தை லேட்டர்-டே செயிண்ட்ஸ் (மோர்மன்) திருச்சபை நடத்துகிறது. பக்கத்திலேயே அவர்களுடைய பல்கலைக்கழகம். பசிபிக் தீவுகளிலிருந்து வந்து அங்கே படிக்கும் மாணவர்கள் பலர் இங்கே ஆடியும் பாடியும் படகு ஓட்டியும் படிப்புச் செலவைச் சமாளிக்கிறார்கள். ஹவாய், சமோவா, டோங்கா, தஹீதி, ஃபிஜி, அவொடேரோவா (நியூசிலாந்து) என ஆறு கிராமங்கள்.

ஹவாயைப் பார்க்கப் போனால் ஆறில் ஒரு பங்குதானே ஹவாய் என்று சிலர் குறைப்படுகிறார்கள். எனக்கு அதுவே இந்த இடத்தின் பலமாகத் தெரிகிறது. சமோவா கிராமத்தில் ஒருவர் கட்டையோடு கட்டையை உரசித் தீ மூட்டுவார், தேங்காயை உடைப்பார், தென்னையில் ஏறுவார். டோங்காவில் முரசு. பிறகு ஹவாய்க் கிராமத்துக்கு வந்தால் ஹுலாவின் நிதானமே வேறாகத் தெரியும். எது யாருடையது என்பது யாரும் பாடம் நடத்தாமலே கண்ணில் பட்டுவிடுகிறது. வேறு எந்த இடத்திலும் இது இந்த அளவுக்குக் கிடைக்காது. உலகத் தீக்கத்திப் போட்டி இங்கேதான் நடக்கிறது, அதுவும் சமோவாவின் கலை என்ற அறிவிப்போடு.

ரைடு என்றால் கால்வாயில் போகும் படகுதான். மாணவர் ஒருவர் பின்னால் நின்று கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டே கதை சொல்லிக்கொண்டு வருவார். பெரியவர்களுக்கு இதம். 13 வயதுப் பையனுக்கு அலுத்துவிடும். ஆனால் ஈட்டி எறிதல், கல் உருட்டும் விளையாட்டு, உக்குலேலே பழகுதல் என்று கையைக் காலை அசைக்க வேலை இருக்கிறது.

சாப்பாட்டில் ஒரு சுவாரசியம். போய் என்ற கூழ், நம் சேப்பங்கிழங்கு இனத்தைச் சேர்ந்த காலோ கிழங்கை வேகவைத்து இடித்துத் தண்ணீர் விட்டுப் பிசைந்தது. ஹவாய் மக்களின் ஆதிக் கதையில் காலோச் செடி மனிதனுக்கு மூத்த அண்ணன். அதனால் போய்க் கூழ் இருக்கும் பாத்திரத்தின் முன்னால் சண்டை போடக்கூடாது என்று வீடுகளில் சொல்வார்களாம். புளிப்பேறிய போய்க் கூழ் எல்லோருக்கும் பிடிக்காது, ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள். லூவா விருந்தின் நடுநாயகம் மண்குழி அடுப்பில் வெந்த பன்றி. சைவர்களுக்குப் போய்க் கூழ், ஹௌபியா என்ற தேங்காய்ப்பால் இனிப்பு, பழம், சாலட், சோறு. விருந்துக்குக் கட்டும் பணத்துக்கு இது கட்டுபடியாகாது. சைவக் குடும்பம் கிராமங்களுக்கும் இரவு நிகழ்ச்சிக்கும் மட்டும் டிக்கெட் எடுத்து, சாப்பாட்டை வெளியே பார்த்துக்கொள்வதே சரி.

மறைந்திருக்கும் செலவு பெரும்பாலும் நேரம். ஞாயிறும் புதனும் விடுமுறை. மதியத்துக்குப் பிறகே கிராமங்கள் திறக்கும், இரவு நிகழ்ச்சி முடிய 9 மணி ஆகும். அப்புறம் வைகீகிக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக இருட்டில் வண்டி ஓட்டவேண்டும். காற்று மோதும் பக்கம் என்பதால் திடீர்த் தூறலும் சகஜம். மது கிடையாது, நம் குடும்பங்களுக்கு அது ஒரு குறையாக இருக்காது.

## அவுலானி, கோ ஒலீனா

2011இல் டிஸ்னி கட்டிய ஓட்டல். குளங்களின் நடுவே செயற்கைப் பாறைக்குன்று, அதிலிருந்து இரண்டு ஸ்லைடு, சுற்றி ஒரு லேசி ரிவர். இன்றைய ஹவாய்க் கலைஞர்களின் படைப்புகளைச் சுவரெங்கும் வைத்திருக்கிறார்கள். ஓலெலோ ரூம் என்ற கூடத்தில் பொருள்களுக்குப் பக்கத்தில் ஹவாய் மொழிப் பெயர்கள் எழுதியிருக்கும், பணியாளர்களும் அந்த மொழி பேசுபவர்கள். ஒரு காலத்தில் பள்ளியிலிருந்து விரட்டப்பட்ட மொழி, பெரிய நிறுவனம் ஒன்றின் ஓட்டலில் வேலைமொழியாக இருப்பதை நான் மதிக்கிறேன்.

சிக்கல் விலை. குளமும் ஸ்லைடும் தங்குபவர்களுக்கு மட்டும். இரண்டு ஸ்லைடுக்காக இங்கே தங்குவதில் பொருளில்லை. 3 முதல் 12 வயது வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அறைவாடகையிலேயே அடங்குவதால், சிறு பிள்ளைகள் உள்ளவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். மற்றவர்கள் அங்கே நடக்கும் கா வா-அ லூவாவுக்கு மட்டும் டிக்கெட் எடுத்து வரலாம். ஹவாயில் கடற்கரை பொதுச்சொத்து என்பதால் ஓட்டலுக்கு முன்னால் இருக்கும் அலையில்லாக் காயல்களில் குளிக்க யாரிடமும் கேட்கவேண்டாம். பொது வாகன நிறுத்தத்தில் இடம் குறைவு, காலையிலேயே போய்விடவேண்டும்.

## வால்கேனோ பே, ஆர்லாண்டோ

ரைடு மட்டும் அளவுகோல் என்றால் இதற்குத்தான் முதலிடம். யூனிவர்சல் நிறுவனம் 2017 மே 25இல் திறந்தது. நடுவில் 200 அடி எரிமலை. கோகிரி பாடி பிளஞ்ச் என்ற ஸ்லைடில் உங்களைக் கூண்டுக்குள் நிற்கவைத்து, காலடிக் கதவைத் திடீரென்று திறந்துவிடுவார்கள். 70 பாகைச் சரிவில் 125 அடி. அக்வா கோஸ்டரில் காந்த விசை மிதவையை மேட்டின்மேல் இழுத்து ஏற்றும், தண்ணீரில் ரோலர் கோஸ்டர் ஏறிய அனுபவம்.

கலாசாரத்துக்கு என் அளவுகோலை வைத்தால் இது தேறாது. இங்கே "வட்டூரி" என்ற கற்பனைக் குடிகளின் கதை சொல்லப்படுகிறது. எரிமலையின் பெயர் கிரகடாவ், அது இந்தோனேசியாவில் 1883இல் வெடித்த எரிமலை. நிஜ மக்களைத் தவறாகக் காட்டவில்லை என்று ஒரு சமாதானம் சொல்லலாம். ஆனால் பிள்ளை இங்கே பார்த்த முகமூடிகளையும் முரசுகளையும் பசிபிக் தீவுகள் என்று நம்பிக்கொண்டு போகும். பார்த்து ரசியுங்கள், இது கட்டிய கதை என்று பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.

கோடை மதியங்களில் ஆர்லாண்டோவில் இடிமழை சகஜம். மின்னல் தெரிந்தால் ஸ்லைடுகளை நிறுத்திவிடுவார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை போகிறவர்கள் கதவு திறக்கும் நேரத்துக்கே போய் பெரிய ரைடுகளை மதியத்துக்குள் முடித்துவிடவேண்டும்.

## ஸ்பா ரிசார்ட் ஹவாயன்ஸ், இவாகி, ஜப்பான்

ஃபுகுஷிமா மாகாணத்தில் ஹவாயா என்று கேட்கலாம். இதன் கதை எனக்கு மிகவும் பிடித்தது.

இவாகி நிலக்கரிச் சுரங்க ஊராக இருந்தது. சுரங்கம் தோண்டத் தோண்ட வெந்நீர் ஊற்று பீறிட்டு, தொழிலாளர்களுக்குப் பெரும் தொல்லை கொடுத்தது. 1960களில் எண்ணெய் வந்து நிலக்கரியைத் தள்ளியதும் வேலைகள் போக ஆரம்பித்தன. நாகமுரா யுதாகா என்ற நிறுவன நிர்வாகி, தொல்லை கொடுத்த அதே வெந்நீரை வைத்து ஒரு பெரிய கூரைக்குள் வெப்பநாடு ஒன்றைக் கட்டலாம் என்றார். ஆடுவதற்கு வெளியூர்க் கலைஞர்களைத் தேடவில்லை. 1965இல் நடனப்பள்ளி தொடங்கி, சுரங்கத் தொழிலாளர் குடும்பப் பெண்களைச் சேர்த்தார்கள். ஹுலா கற்றிருந்த கலெய்நானி ஹயகாவா ஆசிரியை. இடுப்பை ஆட்டிப் பிழைப்பதா என்று ஊரில் எதிர்ப்பு. 1966 ஜனவரி 15இல், வெளியே வாட்டும் குளிரில், ஜோபன் ஹவாயன் சென்டர் என்ற பெயரில் திறந்தார்கள். 2006இல் இது திரைப்படமாகவும் வந்தது.

2011 மார்ச் நிலநடுக்கத்தில் இடம் சேதமாகி மூடப்பட்டது. ஆடும் பெண்கள், திறப்பதற்கு முன் 1965இல் முன்னோடிகள் செய்ததைப் போலவே, நாடு முழுக்கச் சுற்றி ஆடினார்கள். அக்டோபரில் ஒரு பகுதியும் 2012 பிப்ரவரியில் முழுவதும் திறந்தன.

ஆகவே இங்கே நீங்கள் பார்ப்பது ஹவாயின் கலாசாரம் என்பதைவிட, ஹுலாவைக் கற்று அரை நூற்றாண்டுக்கு மேல் ஆடிவரும் ஒரு சுரங்க ஊரின் கலாசாரம். யாரிடமிருந்து வந்தது என்பதை அவர்கள் மறைக்கவில்லை. என் அளவுகோலில் புளோரிடாவைவிட இது மேலே நிற்கிறது.

ரைடும் குறைவில்லை. 2017இல் வந்த பிக் அலோஹா 40.5 மீட்டர் உயரத்திலிருந்து 283 மீட்டர் நீளத்துக்கு இறங்குகிறது. அதற்குத் தனிக் கட்டணம். கூரைக்குள் என்பதால் ஜனவரியிலும் போகலாம். டோக்கியோவிலிருந்து யுமோட்டோ நிலையத்துக்கு விரைவு ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல்.

கவனிக்க: வெந்நீர்க் குளியல் பகுதிகளில் ஆடையில்லாமல் குளிப்பது ஜப்பானிய வழக்கம், பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பச்சை குத்தியவர்களை அனுமதிக்காத வழக்கமும் ஜப்பானியக் குளியலிடங்களில் பரவலாக உண்டு. மீன்சாறு கலக்காத உணவு கிடைப்பது கடினம், சைவர்கள் கையில் ஏதாவது வைத்துக்கொள்ளவேண்டும்.

## ஒரே பார்வையில்

| இடம் | ரைடு | கலாசாரம் | டிக்கெட்டுக்கு அப்பால் | யாருக்கு |
|---|---|---|---|---|
| வெட் என் வைல்டு ஹவாய் | நன்று | பகலில் மிகக் குறைவு | வாகன நிறுத்தம், லாக்கர் | ஒவாஹுவில் இருக்கும் பதின்வயதினர் |
| பாலினீசியன் கல்ச்சுரல் சென்டர் | படகு மட்டும் | மிக நன்று | இரவுப் பயணம், விருந்துக் கட்டணம் | பெற்றோருடன் வருபவர்கள் |
| அவுலானி | இரண்டு ஸ்லைடு | நன்று | அறை வாடகை | சிறு பிள்ளைகள், வசதி உள்ளவர்கள் |
| வால்கேனோ பே | மிக நன்று | கற்பனை | கோடை இடிமழை | அமெரிக்கக் கிழக்குக்கரைக் குடும்பங்கள் |
| ஸ்பா ரிசார்ட் ஹவாயன்ஸ் | நன்று | தனக்கென ஒரு கதை | பிக் அலோஹா கட்டணம், சைவ உணவு | ஜப்பானில் இருப்பவர்கள், குளிர்காலம் |

## எதைத் தேர்ந்தெடுப்பது?

நியூ ஜெர்சியிலோ அட்லாண்டாவிலோ இருந்துகொண்டு ஸ்லைடுக்காக மட்டும் ஹவாய் வரை போகாதீர்கள். ஆர்லாண்டோ போதும். டோக்கியோவில் இருந்தால் ஒரு வாரக்கடைசியில் இவாகி போய்வரலாம்.

கலிபோர்னியா, சியாட்டில் பக்கம் இருந்து ஒவாஹுவுக்கே போவதாக இருந்தால், ஒரே இடத்தில் இரண்டையும் தேடுவதை விட்டுவிட்டு இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: ஒரு நாள் லாயியே, இன்னொரு நாள் கபோலெய். வரிசையும் முக்கியம். லாயியேயை முதலில் வைத்தால், பிறகு எந்த லூவாவில் உட்கார்ந்தாலும் "இது தஹீதி, இது சமோவா, இதுதான் ஹுலா" என்று பிள்ளைகளே அடையாளம் சொல்வார்கள். ஞாயிறும் புதனும் அங்கே மூடியிருப்பதால் அந்தத் தேதியை முதலில் குறித்துக்கொண்டு, வாட்டர் பார்க் திறந்திருக்கும் நாளை அதற்கு அடுத்ததாகப் பாருங்கள். இரவு நெடுநேரம் விழித்த மறுநாள் பெரியவர்கள் ஓய்வெடுக்க வேண்டும் என்றால், அவர்களைக் கோ ஒலீனா காயல் ஓரம் நிழலில் உட்காரவைத்துவிட்டு, பிள்ளைகளோடு கபோலெய்க்குப் போகலாம். வண்டியில் 15 நிமிடத் தூரம்தான்.